ஏற்றுக்கொண்டார்கள் சரி, எந்தக் கணக்கில் வைத்தார்கள்?

கேள்வி: செஃப் அண்ணா, எனக்கு வயது 20. நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கலினரி ஆர்ட்ஸ் படிக்கிறேன். மூன்று செமஸ்டர் முடிந்து 48 கிரெடிட் கையில் இருக்கிறது, இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்கு இன்னும் 18 பாக்கி. வார இறுதியில் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ரெஸ்டாரண்டில் லைன் குக் வேலை. நான்கு வருடப் பட்டம் இல்லாமல் சமையல் வேலைக்குப் போகக் கூடாது என்று அப்பா ஒரே பிடிவாதம், எனக்கும் படிக்க ஆசைதான். வெளி மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் என் 48 கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்வதாக மெயில் அனுப்பிவிட்டது. அவர்கள் அனுப்பிய தாளையும் என் காலேஜ் பாடப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். இப்போதே மாறிவிடலாமா, அசோசியேட்டை முடித்துவிட்டுப் போகலாமா? பத்து வருடத்தில் சொந்தமாக ரெஸ்டாரண்ட் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்று, முதல் செமஸ்டரில் கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டேன், டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' என்று நிற்கிறது. அது என்னைப் பாதிக்குமா? எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது.

பதில்:

வணக்கம் தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இப்போது மாறாதீர்கள், அசோசியேட்டை முடியுங்கள். அந்த மெயிலுக்கு டெபாசிட் கட்டிவிடாதீர்கள். கடைசித் தேதி என்று ஒன்றைப் போட்டு அவசரப்படுத்தத்தான் செய்வார்கள், அது அவர்கள் வேலை. ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் காரணம் நீங்கள் இணைத்த தாளிலேயே இருக்கிறது.

தாளின் தலையில் பெரிய எழுத்தில் 48 கிரெடிட் ஏற்கப்பட்டது என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அதற்குக் கீழே யாரும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். கீழே பாடம் பாடமாக ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் இடது பக்கம் நீங்கள் படித்த பாடம், நடுவில் கிரெடிட், வலது ஓரத்தில் அங்கே அது எதற்கு ஈடு என்ற குறியீடு. அந்த வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். இங்கிலீஷ் இரண்டு பாடம், பேச்சுக் கலை, சைக்காலஜி, கம்ப்யூட்டர், நியூட்ரிஷன், இவையெல்லாம் பொதுப்பாடக் கணக்கில் போயிருக்கின்றன, மொத்தம் 19. உணவுப் பாதுகாப்பு, கொள்முதல், மெனு திட்டமிடல், ஹாஸ்பிட்டாலிட்டி என்கிற ஹோட்டல் தொழில் அறிமுகம் ஆகியவை மேஜர், அதாவது முக்கியப் பாடக் கணக்கில், 9. பாக்கி 20 கிரெடிட்டுக்கு நேராக 'ஃப்ரீ இலெக்டிவ்' என்று இருக்கிறது. எவை அந்த 20? ஸ்டாக், சாஸ், கார்ட் மான்ஜே என்கிற குளிர் உணவுத் தயாரிப்பு, இறைச்சி மீன் வெட்டும் வகுப்பு, பேக்கிங், டேபிள் சர்வீஸ், கலினரி மேத். அதாவது அந்த மேத் ஒன்றைத் தவிர, நீங்கள் காலை ஆறு மணிக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்று படித்த அத்தனையும்.

சரி, இலெக்டிவும் கிரெடிட்தானே என்று கேட்பீர்கள். அந்தப் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடம் 12 கிரெடிட்டுக்குத்தான் என்று இரண்டாம் பக்கம் அடியில் இருக்கிறது. ஆக 20இல் 8 தொங்கலில் நிற்கும். டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், பட்டத்தில் ஏறாது. 19, 9, 12 கூட்டினால் 40. பட்டத்துக்கு 120 வேண்டும். இன்னும் 80. செமஸ்டருக்கு 16 வீதம் மூச்சுப் பிடித்துப் படித்தாலும் ஐந்து செமஸ்டர், வெளி மாநிலத் தனியார் கட்டணத்தில். அதில் ஒரு பங்கு, நீங்கள் ஏற்கெனவே படித்த கிச்சன் பாடங்களையே திரும்பப் படிப்பதற்கு. இரண்டு பங்கு வெங்காயம், ஒரு பங்கு கேரட், ஒரு பங்கு செலரி என்று, ஸ்டாக்குக்குப் போடுகிற காய்கறிக் கலவையான மிர்ப்வாவின் அளவை இன்னொருவர் வாயால் மறுபடி கேட்பதற்கு அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை.

இதில் மோசடி எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சேர்க்கை அலுவலகம் ஒரு பாடத்துக்கு கிரெடிட் தரலாமா என்று பார்க்கிறது. அந்தப் பாடம் தங்கள் பாடத்துக்குச் சமமா என்று பார்ப்பது துறையின் வேலை, அவர்கள் உங்கள் சிலபஸைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாடத்தின் பெயரையும் எண்ணையும் வைத்து யாரோ ஒரு மதியத்தில் போட்ட பட்டியல் இது. அதனால் இது முடிந்த தீர்ப்பும் அல்ல, மேல்முறையீடு செய்யலாம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அடிப்படைக் காரணம் உங்கள் பட்டத்தின் வகை. கம்யூனிட்டி காலேஜில் ஏஏ, ஏஎஸ், ஏஏஎஸ் என்று மூன்று வகை அசோசியேட் இருக்கிறது. முதல் இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்றே கட்டியவை. ஏஏஎஸ் என்பது முடித்ததும் வேலைக்குப் போகிறவர்களுக்கு. கலினரி பெரும்பாலும் ஏஏஎஸ், உங்களுடையதும் அதுதான். நியூ ஜெர்சியில் ஏஏ பட்டத்தில் பொதுப்பாடம் குறைந்தது 45 கிரெடிட், ஏஎஸ்ஸில் 30, ஏஏஎஸ்ஸில் 20 இருந்தால் போதும். மிச்சமெல்லாம் தொழில் பாடம். 2008இலிருந்து நம் மாநிலத்தில் ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது: ஏஏ அல்லது ஏஎஸ் முடித்துவிட்டு இதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், முதல் இரண்டு வருடமும் அப்படியே கழிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் இதைக் கேள்விப்பட்டு நமக்கும் பொருந்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏஏஎஸ்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சேரும்போதே இதை ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கிற முந்நூறு பேருக்கு இரண்டு ஆலோசகர்கள் என்றால் யார் சொல்வார்கள்?

அப்படியானால் ஏஏஎஸ்ஸை முடிப்பதில் என்ன லாபம், கிச்சன் கிரெடிட் இன்னும் கூடி அதுவும் தொங்கலில்தானே போகும் என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் பாக்கி 18இல் 12 கிச்சனும், வெளியே ஒரு கிச்சனில் வேலை பழகுகிற எக்ஸ்டர்ன்ஷிப்பும், பொதுப்பாடம் 6தான். இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவேன் என்றால் அந்த 12 வீண், அது உண்மை. ஆனால் இன்னொரு வகை இடங்கள் இருக்கின்றன. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடுவில் தனியாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட் என்பார்கள். அதில் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கலினரி ஏஏஎஸ்ஸை ஒரே கட்டாக, முதல் இரண்டு வருடத்துக்குப் பதிலாக, அப்படியே எடுத்துக்கொண்டு மூன்றாம் வருடத்தில் உட்காரவைப்பார்கள். '2+2' என்று எழுதியிருக்கும். முக்கியமான நிபந்தனை, பட்டம் முடிந்திருக்க வேண்டும். 48 கிரெடிட்டோடு போனால் அந்தக் கதவு திறக்காது, பட்டத்தோடு போனால் திறக்கும். ஒரு செமஸ்டர் காத்திருப்பதில் உங்களுக்கு மிச்சமாகப்போவது ஒரு செமஸ்டருக்கும் மேலான பல்கலைக்கழகக் கட்டணம். முடிக்கச் சொல்வது அதனால்தான்.

இந்த ஒப்பந்தங்களின் பட்டியல் உங்கள் காலேஜின் டிரான்ஸ்ஃபர் அலுவலகத்தில் இருக்கும். இணையத்தில் கிடைப்பது சில சமயம் பழையதாக இருக்கும், நேரில் போய், கையெழுத்தான தேதியும் எந்த ஆண்டுப் பாடத்திட்ட கேட்டலாகுக்குப் பொருந்தும் என்பதும் தெரிகிற பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தனிப் பாடம் எங்கே எதற்கு ஈடு என்று பார்க்க 'என்ஜே டிரான்ஸ்ஃபர்' என்று மாநிலத்தின் தளமே ஒன்று இருக்கிறது, ராத்திரி வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் அதில் மேய்ந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன். கலினரி பட்டம் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் இரண்டு. நியூயார்க் ஹைட் பார்க்கில் இருக்கும் கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா, 1946இல் கனெக்டிகட்டில் தொடங்கி எழுபதுகளில் ஹட்சன் நதிக்கரையில் ஒரு பழைய ஜெஸ்யூட் மடத்துக்கு இடம் மாறியது. ராட் ஐலண்ட் பிராவிடன்ஸில் இருக்கும் ஜான்சன் அண்ட் வேல்ஸ், 1914இல் இரண்டு பெண்கள் தொடங்கிய வணிகப் பள்ளி, கலினரி வந்தது 1973இல். இரண்டுமே நல்ல இடங்கள், பேருக்கு மதிப்பு உண்டு, அங்கே படித்தவர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய பெருமையே முதல் இரண்டு வருடக் கிச்சன்தான். அதைப் படித்து முடித்துவிட்டு வருகிறவருக்கு அங்கே முழுப் பணத்துக்கு முழு லாபம் கிடைக்காது என்பது என் கருத்து. மிக நல்ல உதவித்தொகை கொடுத்து, கிச்சன் பாடங்களையும் கழித்துக்கொள்கிறார்கள் என்றால் போங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் சமையலுக்கென்றே பி.எஸ். பட்டம் வேண்டும் என்றால் லூசியானாவில் திபடோ என்ற சின்ன ஊரில் நிக்கல்ஸ் ஸ்டேட் இருக்கிறது, ஷெஃப் ஜான் ஃபோல்ஸ் பெயரில் அங்கே 1994இலிருந்து ஒரு கலினரி இன்ஸ்டிடியூட் நடக்கிறது. கேஜுன், கிரியோல் சமையலின் நடுவில் உட்கார்ந்து படிக்கலாம். இறாலும் வெண்டைக்காயும் ஒரே சட்டியில் கொதிக்கிற ஊர், நம் ஆட்களுக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போகத் தகுந்த காரணம் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன காரணம், சொந்த ரெஸ்டாரண்ட். அதற்கு என்ன குறை என்று பாருங்கள். வாரக் கடைசியில் ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமை ராத்திரிக் கூட்டத்தில் கிச்சனில் ஒரு ஸ்டேஷனைத் தனியாகத் தாங்குகிறவருக்குக் கைவேலை குறையாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நீங்கள் தட்டில் போடுகிற ஒரு மட்டன் பிரியாணிக்கு அரிசி, கறி, நெய், கேஸ், டப்பா சேர்த்து என்ன அடக்கம் என்று இப்போது சொல்ல முடியுமா? சாப்பாட்டுப் பொருள் செலவும் ஆள் செலவும் சேர்த்து, பிரைம் காஸ்ட் என்பார்கள், விற்பனையில் 60 சதவீதத்தைச் சுற்றி நின்றால்தான் கடை தாங்கும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. உங்கள் முதலாளிக்கு அது மனக்கணக்காகத் தெரிந்திருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி ஆளைக் கவிழ்க்கும், ஓவர்டைம் சட்டம் என்ன, டிப்ஸை எப்படிப் பிரிப்பது, சுகாதார ஆய்வாளர் எதைப் பார்த்து மூடுவார். அப்புறம் நம் மாநிலத்தில் மது உரிமம். 3,000 பேருக்கு ஒன்று என்று ஊர் மக்கள்தொகையை வைத்து உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், அதனால்தான் ஒரு உரிமம் கைமாறும்போது விலை அப்படி எகிறுகிறது, அதனால்தான் நல்ல நல்ல கடைகளில்கூட பாட்டிலை நீங்களே கொண்டுவாருங்கள் என்று போர்டு மாட்டியிருக்கிறது. இதெல்லாம் கிச்சன் வகுப்பில் வராது. மூன்றாம் நான்காம் வருடத்தில் நீங்கள் காசு கொடுத்துப் படிக்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹாஸ்பிட்டாலிட்டி மேனேஜ்மென்ட். இங்கேயே அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஸ்டாக்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அது அரசுப் பல்கலைக்கழகம். ஃபேர்லி டிக்கின்சனில் இருக்கிறது, அது தனியார். ஆற்றைத் தாண்டினால் புரூக்ளினில் சிட்டி டெக், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, ஆனால் நீங்கள் வெளி மாநிலக் கட்டணம் கட்ட வேண்டும். இவற்றில் எது உங்கள் காலேஜோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள். கலினரி என்ற பெயர் பட்டத்தில் இல்லையே என்று அப்பா கேட்டால், அது இல்லாததே நல்லது என்பேன், பின்னால் கால் வலித்து, முதுகு போய், கிச்சனை விட்டு வெளியே வர வேண்டிய நாள் வந்தால் வேறு கதவுகளும் இருக்கும்.

இன்னொரு பாதையையும் ஒரு காதில் போட்டுவைக்கிறேன். ரெஸ்டாரண்ட் ஆசை மாறி, புதுப் பொருள் உருவாக்குவது, ஃப்ரோசன் பரோட்டா எப்படி ஆறு மாதம் இளகாமல் இருக்கிறது என்பது போன்ற விஷயங்களில் புத்தி போகிறது என்றால் அது உணவு அறிவியல். ரட்கர்ஸில் நல்ல துறை. வாசனை, சுவைப் பொருள் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்கள் நியூ ஜெர்சியில் ஏராளம், சூப்புக்குப் பேர்போன கேம்ப்பெல்ஸ் கேம்டனில்தான் இருக்கிறது, சமையலும் தெரிந்து கெமிஸ்ட்ரியும் தெரிந்தவரை இவர்கள் தேடுகிறார்கள். ரிசர்ச் செஃப் என்றே பதவி உண்டு. ஆனால் அதற்குக் கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் எல்லாம் முதலிலிருந்து வேண்டும், உங்கள் ஏஏஎஸ்ஸில் அதில் எதுவுமே இல்லை, கூடுதலாக ஒரு வருடம் போகும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. லைன் குக் வேலைக்கோ, தலைமைச் செஃப்புக்கு அடுத்தவரான சூ செஃப் வேலைக்கோ யாரும் நான்கு வருடப் பட்டம் கேட்பதில்லை. ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டு என்பார்கள், அவ்வளவுதான். பட்டம் உதவுவது பெரிய ஹோட்டல் குழுமங்களின் மேனேஜர் பயிற்சித் திட்டங்களில், ஆஸ்பத்திரி, ஸ்டேடியம், காலேஜ் கேன்டீன் நடத்துகிற அராமார்க், சொடெக்சோ போன்ற கம்பெனிகளில், அப்புறம் என்னைப் போலச் சொல்லிக்கொடுக்க வருவதற்கு. சொந்தக் கடைக்குப் பட்டம் சட்டப்படி தேவையே இல்லை. தேவையில்லை என்பதால் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வட்டிக்கு வாங்கிப் படிக்கிற அளவுக்கு அது எந்த இடத்தில் திருப்பித் தரும் என்று தெரிந்து படியுங்கள் என்கிறேன்.

பணத்துக்கு வருவோம். கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பம், போடலாம், போட்டிருப்பீர்கள். 24 வயது வரை பெற்றோர் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மத்திய அரசு மாணவர் கடன் உங்கள் பெயரில் மூன்றாம் வருடத்தில் 7,500 டாலர்தான் கிடைக்கும், தனியார் கல்லூரிக் கட்டணத்தில் அது எந்த மூலைக்கு? பாக்கியெல்லாம் அப்பா பெயரில் அல்லது வங்கியில். திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்ட் வருகிறது என்றால் அது வாழ்நாளுக்கு 12 செமஸ்டர் அளவுதான், கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய மூன்றும் அதில் கழிந்துவிட்டது. மாநிலத்தின் டியூஷன் எய்ட் கிராண்ட் நியூ ஜெர்சிக்குள் படித்தால்தான் வரும், ஹைட் பார்க்குக்கோ பிராவிடன்ஸுக்கோ கூடவே வராது. குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் என்றால் மூன்றாம் நான்காம் வருடத்துக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் 'கார்டன் ஸ்டேட் கேரண்டி' இருக்கிறது, டியூஷனே இல்லாமல் போகலாம், அதற்கு மேலே இருந்தாலும் கொஞ்சம் சலுகை உண்டு. பை தீட்டா கப்பா என்று கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கான கௌரவ அமைப்பிலிருந்து அழைப்பு வந்திருந்தால் குப்பையில் போடாமல் சேருங்கள், பல பல்கலைக்கழகங்கள் அதன் உறுப்பினர்களுக்கென்றே தனியாக உதவித்தொகை வைத்திருக்கின்றன.

கிரீன் கார்டு இல்லாமல், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4இல் இருக்கிற பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடுவில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு உதவி உங்களுக்குக் கிடையாது. 21 வயதில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், மாறினால் வெளியில் சம்பளத்துக்கு எக்ஸ்டர்ன்ஷிப் செய்ய முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். படித்து முடித்தபின் வேலை பார்க்கத் தருகிற அனுமதி, ஓபிடி என்பார்கள், ஒரு வருடம்தான், ஐடி பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இரண்டு வருட நீட்டிப்பு ஹாஸ்பிட்டாலிட்டிக்கு வராது. செஃப் வேலைக்குப் பட்டம் கட்டாயம் இல்லை என்பதாலேயே அதை வைத்து ஹெச்-1பி வேலை விசா வாங்குவது மிகக் கடினம். சமையல்தான் என்று முடிவெடுக்கும் முன் வீட்டில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

திரும்பவும் உங்கள் விஷயம். பாக்கி இருக்கிற 6 பொதுப்பாடக் கிரெடிட்டை ஃபிலிம் அப்ரிசியேஷன், ஜாஸ் இசை என்று சுலபமானதில் போட்டுவிடாதீர்கள். ஒன்று புள்ளியியல், இன்னொன்று மைக்ரோ எகனாமிக்ஸ். ஹாஸ்பிட்டாலிட்டி பட்டங்கள் கேட்பவை இவைதான், இவை எங்கே போனாலும் செல்லும். முடிந்தால் கோடையில் ஃபைனான்சியல் அக்கவுண்டிங்கும் எடுத்துவிடுங்கள், கம்யூனிட்டி காலேஜ் விலையில் அதைவிட மலிவாக வேறெங்கும் கிடைக்காது.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் சேர்த்து வையுங்கள். பல காலேஜ்களில் செமஸ்டர் முடிந்ததும் ஆன்லைன் பக்கம் மூடிவிடும், மூடுவதற்கு முன் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆயுதம். எந்தப் புத்தகம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிச்சனில், எப்படித் தேர்வு, இவ்வளவும் இருக்க வேண்டும். இதை அட்மிஷனுக்கு அனுப்பிப் பயன் இல்லை, துறைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். "என் கார்ட் மான்ஜே பாடத்தை உங்கள் இன்ன எண் பாடத்துக்கு ஈடாக மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்று பாடத்துக்குப் பாடம் நேர் வைத்து எழுதுங்கள். மொத்தமாகக் குறை சொல்லி எழுதினால் மொத்தமாக ஒரு பதில் வரும், அதில் ஒன்றும் இருக்காது. உங்கள் காலேஜ் திட்டத்துக்கு அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷனின் அங்கீகாரம் இருந்தால் அதையும் முதல் வரியிலேயே போடுங்கள், அதன் மதிப்பு தெரிந்தவர்கள்தான் அந்த நாற்காலியில் இருப்பார்கள்.

சில இடங்களில் தாளை நம்பாமல் செய்து காட்டச் சொல்வார்கள், சேலஞ்ச் எக்ஸாம் என்று. ஒரு முழுக் கோழியை எட்டுத் துண்டாகப் பிரிக்க வேண்டும், எலும்பில் கறி ஒட்டியிருந்தால் மார்க் போகும். உருளைக்கிழங்கை ஏழு பட்டையாக டூர்னே செதுக்க வேண்டும். கேரட்டை எட்டில் ஒரு அங்குலக் கன சதுரமாக, பிரூன்வாஸ், ஸ்கேலை வைத்தே அளப்பார்கள். நிறம் ஏறாத பிரெஞ்சு ஆம்லெட் ஒன்று. நம் ரெஸ்டாரண்டுகளில் வேகம் நன்றாகப் பழகும், ஒரு மூட்டை வெங்காயத்தை அரை மணியில் முடித்துவிடுவீர்கள், இந்தச் சீர்மை பழகாது. எக்ஸாம் உண்டு என்று தெரிந்தால் முந்தைய மாதம் வீட்டில் தினமும் நாலு கிழங்கு செதுக்குங்கள். செதுக்கின மிச்சத்தை அம்மா பொடிமாஸ் பண்ணிக்கொள்ளட்டும்.

தனியார் இடம் எதுவானாலும் அங்கீகாரத்தைப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். உங்கள் காலேஜுக்கு மிடில் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம், அது நல்ல அங்கீகாரம், போகிற இடத்துக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும். பெரிய பெயர் என்பது காப்பு அல்ல. லெ கோர்டன் ப்ளூ பெயரில் அமெரிக்காவில் நடந்த சமையல் கல்லூரிகள் 2017இல் மூடின, ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் மிச்சம் இருந்தவை 2023 செப்டம்பரில் ஒரே நாளில் மூடின, பாதியில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த கிரெடிட்டை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. ஜான்சன் அண்ட் வேல்ஸ்கூட டென்வர், நார்த் மயாமி வளாகங்களை 2021இல் மூடிவிட்டது, அவர்கள் முன்கூட்டியே சொல்லி, மாணவர்களுக்கு வழி செய்தார்கள், அது வேறு.

கடைசியாக அந்த டபிள்யூ. தனி ஒரு டபிள்யூ யாரையும் ஒன்றும் செய்யாது, ஜிபிஏவில் சேராது, சேர்க்கைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மறைக்க மட்டும் முயலாதீர்கள், படித்த எல்லா இடத்து டிரான்ஸ்கிரிப்டும் கேட்பார்கள். நிதியுதவிக்கு மட்டும் அது, எடுத்து முடிக்காத கிரெடிட் என்று கணக்கில் வரும், எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு, நீங்கள் அதற்கு வெகு மேலே இருக்கிறீர்கள். எனக்குக் கவலை வேறு. நீங்கள் விட்டது கணக்கு, அதற்குப் பிறகு எடுத்து முடித்தது கலினரி மேத். ரெசிபி அளவை நாற்பது பேருக்குப் பெருக்குவதற்கு அது போதும், பல்கலைக்கழகத்தில் அதைக் கணக்குப் பாடமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் தாளிலும் அது இலெக்டிவ் பக்கத்தில்தான் கிடக்கிறது. அதனால்தான் புள்ளியியலை முதலில் சொன்னேன். அடுத்த செமஸ்டர் பதிவு திறந்ததும், கிச்சன் வகுப்பு நேரத்தோடு மோதாத பிரிவில் அதற்கு இடம் பிடித்துவிடுங்கள், சாயங்காலப் பிரிவு சீக்கிரம் நிரம்பிவிடும்.